மாதா கூண்டுச் சாவி

பெருமாயி: பீடத்துக்குப் பின்னாடி பாத்துட்டியாடி?

ஐரின்: பாத்துட்டேன்.

பெருமாயி: பூச்சாடி?

ஐரின்: ஆறு சாடியையும் கவுத்துப் பாத்தாச்சு. தண்ணியும் தண்டுந்தேன் இருக்கு.

பெருமாயி: அந்தா... சாமியாரு ஏறி நின்னு பேசுற மேடை?

ஐரின்: படியில புறா எச்சம் காஞ்சு அப்பிடியே கெடக்கு. யாரும் மிதிக்கல. சாரு அங்க ஏறவே இல்ல.

பெருமாயி: நான் வேணா செத்த அங்கிட்டுப் போயி பெஞ்சுக்கு அடியில...

கிளெமென்ட்: ஏம்மா! அந்தப் பிள்ளை எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு பேசி முடிச்சதுதானே?

பெருமாயி: எந்திரிக்கல சார். கால் மரத்துப் போச்சு, நீட்டினேன்.

கிளெமென்ட்: உன் பேரு என்ன?

பெருமாயி: பெருமாயி. எரியோடு. வேடசந்தூர் மில்லுல இவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷினு. இன்னைக்கு ஆகஸ்ட்டு பதினஞ்சு, மில்லு லீவு. எங்க கோயில் திருவிழா, வாடின்னு கூப்பிட்டா. வந்தேன்.

கிளெமென்ட்: வந்தது சரி. இந்தக் கோயிலைச் சேந்த பங்கு மக்கள் மட்டுந்தான் தேடலாம்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. ஃபாதர் சொன்னாரேன்னு உன்னை உள்ள விட்டேன். கை வைக்கக் கூடாது. எடம் காட்டக் கூடாது.

பெருமாயி: வாய்?

கிளெமென்ட்: என்ன?

பெருமாயி: வாயாச்சும் பேசலாமா சார்?

ஐரின்: சும்மா இருடி, அதுக்கும் ஒரு நோட்டீஸ் அடிச்சிறப் போறாரு. மணி என்ன சார்?

கிளெமென்ட்: மூணு பன்னெண்டு. மூணரைக்கு நான் கதவத் தொறந்துருவேன். ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன்.

ஐரின்: கேக்கவும் மாட்டேன்.

பெருமாயி: எம்புட்டு சனம்டி வெளிய! கதவுல காத வச்சுக்கிட்டு நிக்குது. காலையிலதேன் ஒரு தடவ சாவி கையில வந்துருச்சுல்ல? வந்ததப் புடுங்கி மறுபடி ஒளிச்சு வச்சு, மறுபடி தேடுன்னா... என்ன கொடுமையா இருக்கு!

ஐரின்: அவருட்டயே கேளு. அந்தா உக்காந்திருக்காருல்ல, முன் பெஞ்சுல.

கிளெமென்ட்: என்கிட்ட என்ன கேள்வி? ஊரே கேட்டுச்சு. ரெண்டாயிரமாவது வருஷம், ஜூபிலி, கோயிலுக்கும் நூத்தம்பது வயசுன்னு ஃபாதர் ஒரு விளையாட்டு வச்சார். மாதா சிலை இருக்கிற கூண்டோட சாவிய கோயிலுக்குள்ள ஒளிச்சு வைப்போம். யாரு எடுக்கிறாங்களோ அவங்க வீட்டுப் பொண்ணு சாயங்காலம் கூண்டத் தொறந்து மாதாவுக்கு முடி சூட்டட்டும்னார். எங்க தாத்தா காலத்துலருந்து எங்க வீட்டுப் பொண்ணுகதான் சூட்டிட்டு வருது. இருந்தும் சரின்னேன். பங்குப் பேரவைத் துணைத் தலைவரே வழிமறிச்சார்னு பேரு வரக்கூடாதுன்னு சரின்னேன்.

பெருமாயி: நல்ல மனசு சார் உங்களுக்கு.

கிளெமென்ட்: கிண்டலா?

பெருமாயி: ஐயய்யோ.

கிளெமென்ட்: ஃபாதர் சொன்ன மாதிரி மாடி, மேடை, கிராதிப் பக்கம் போகாம, திரை, சப்பரம், படம் தொடாம அறுபது பேரு ரெண்டு மணி நேரம் தேடினாங்க. ஒருத்தர் கையிலயும் கெடைக்கல. கடைசியில யாரு கையில கெடைக்குது? எந்தக் கோயில்பிள்ளை சாவிய ஒளிச்சு வச்சானோ, அவன் மக கையில.

ஐரின்: எங்கப்பாவை ஒளிச்சு வைக்கச் சொன்னது ஃபாதரு. இந்தக் கோயில்ல இண்டு இடுக்கு தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்காக? மணியடிக்க, கூட்ட, வெளக்குப் போடன்னு முப்பத்தோரு வருஷமா அவருதேன்.

கிளெமென்ட்: அதத்தான் நானும் சொல்றேன். மெழுகுவத்தி ஸ்டாண்டுல நாப்பது குழி. அதுல ஒரு குழிக்குள்ள சாவியப் போட்டு, மேல மெழுகு உருக்கி ஊத்தி மூடியிருக்கு. ஊரே அதத் தாண்டித் தாண்டிப் போகுது. நீ மட்டும் கையில சாவியோட வந்து நிக்கிறே. சூசை சொல்லாம உனக்கு எப்பிடித் தெரியும்?

ஐரின்: சூசைமுத்து.

கிளெமென்ட்: என்ன?

ஐரின்: எங்கப்பா பேரு சூசைமுத்து. உங்களுக்கு எட்டு வயசு மூப்பு. அவன் இவன்னு சொல்லாம, முழுப் பேரச் சொல்லிக் கேளுங்க. பதில் சொல்றேன்.

கிளெமென்ட்: ...சூசைமுத்து சொல்லாம உனக்கு எப்பிடித் தெரியும்?

ஐரின்: எங்கப்பா சொல்லல.

கிளெமென்ட்: இதத்தான் காலையிலருந்து சொல்றே. அப்ப எப்பிடித் தெரிஞ்சுதுன்னு கேட்டா மட்டும் வாய மூடிக்கிறே.

பெருமாயி: சார், அது வந்து...

ஐரின்: பெருமாயி!

பெருமாயி: இல்லடி, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

ஐரின்: நீ ஒண்ணும் சொல்ல வர வேணாம். கால நீட்டி உக்காரு.

கிளெமென்ட்: மூணு பதினஞ்சு.

ஐரின்: தெரியும்.

பெருமாயி: அடியே, இங்கிட்டு வா. இந்தத் தீர்த்தத் தொட்டியப் பாக்குற மாதிரி குனி. நான் ஒண்ணு கேக்குறேன்.

ஐரின்: மெதுவாப் பேசு. கேளு.

பெருமாயி: "சாவி ஆம்புடலைன்னா எங்கப்பா கோயில் சாவிக்கொத்த இன்னைக்கே ஒப்படைச்சிட்டுப் போயிருவாரு"ன்னு அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி சொன்னியே... அது அவரு வேலைடி. நீ எப்பிடிப் பந்தயம் கட்டலாம்?

ஐரின்: கோவத்துல வந்துருச்சு.

பெருமாயி: மில்லுல சூப்பர்வைசரு திட்டுனா மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நூல முடிச்சுப் போடுவ. இங்க வந்து இம்புட்டுக் கோவமா?

ஐரின்: அங்க என்னைத் திட்டுறாக. இங்க எங்கப்பாவத் திருடன்னு சொன்னாக. திருவிழாவும் அதுவுமா, மாதா வாசல்ல வச்சு. அந்த மனுசன் துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, சாமியாரு பங்களாவுல போயி உக்காந்துட்டாரு. ஒரு சத்தம் போட்டிருந்தாக்கூட நான் சும்மா இருந்திருப்பேன்.

பெருமாயி: அதுக்கு, "மறுபடி ஒளிங்க, நீங்களே உங்க கையால ஒளிங்க, நான் எடுத்துக் காட்டுறேன்"னு இவருட்டயா சவால் விடுவ?

ஐரின்: விட்டேன். இப்பவும் விடுவேன்.

பெருமாயி: வீம்பு... ஐரினு, நான் போயி சாமியார்ட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துர்றேன். உங்கப்பாவுக்கு வேலையும் போகாது, பேரும் கெடாது.

ஐரின்: சொன்னா முடி சூட்டுறது போயிரும்.

பெருமாயி: போனாப் போகுது!

ஐரின்: போகக் கூடாது. எங்கம்மா இந்த மாதா சேலைய இருவது வருஷம் தொவைச்சு, கஞ்சி போட்டு, மடிச்சுக் குடுத்துச்சு. ஒரு தடவ கூட அந்தக் கூண்டுப் படியில ஏற விட்டதில்ல. கீழ நின்னுதேன் நீட்டும். மேலருந்து இவுக வீட்டுப் பொம்பளைக வாங்குவாக. அது செத்தே போச்சு. நான் ஏறணும்டி.

கிளெமென்ட்: என்ன அங்க குசுகுசுன்னு? அந்தப் பிள்ளை எடம் சொல்லுதா?

பெருமாயி: நான் என்னத்த சார் எடம் சொல்ல? எனக்கு இந்தக் கோயில்ல வாசப்படியே இன்னைக்குத்தேன் தெரியும்.

கிளெமென்ட்: மூணு பதினெட்டு.

ஐரின்: சார், நீங்க பாட்டுக்கு ஸ்டேஷன்ல ரயிலுக்குச் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. எனக்குக் காது கேக்குது. பெருமாயி, நீ அங்க இருந்தே என்னையப் பாத்துக்கிட்டு இரு. நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன், நீ கேட்டுக்க. எனக்கு வாய்விட்டுச் சொன்னாத்தேன் யோசனை ஓடும்.

பெருமாயி: சொல்லு.

ஐரின்: பாவசங்கீர்த்தனப் பெட்டி, பாவத்தச் சாமியார்ட்டச் சொல்ற எடம். திரை துரு வளையத்துல தொங்குது. யாரு இழுத்தாலும் துணியில செம்பட்டைக் கோடு விழும். நேத்துதேன் துணி மாத்துனது. கோடே இல்ல.

பெருமாயி: அப்ப அங்க இல்ல.

ஐரின்: பாட்டுக்காரங்க மாடி. கைப்பிடி ஆடும், அதப் புடிக்காம யாராலயும் ஏற முடியாது. தூசி வெண்ணெய் மாதிரி அப்பிடியே படிஞ்சிருக்கு. சப்பரம்... மேல போத்துன துணியில எங்கப்பா போட்ட முடிச்சு. அவரு முடிச்ச இன்னொருத்தர் அவுத்தா திரும்பப் போட முடியாது.

பெருமாயி: அந்தத் தரையில பதிச்ச கல்லு?

ஐரின்: வெள்ளைக்காரச் சாமியார் கல்லறை. சந்துல எறும்பு வரிசை போட்டுப் போகுது. நான் வந்தப்பவும் போச்சு, இப்பவும் போகுது. கிராதி பித்தளைய அப்பா காலையில தேச்சிருக்காரு, ஒரு வெரல் தடம் இல்ல. படத்துக்குப் பின்னாடி ஒட்டடை அறுபடல. மெழுகுவத்தி ஸ்டாண்டு... காலையில நோண்டுன குழி ஒண்ணுதேன் நோண்டியிருக்கு.

பெருமாயி: பின்ன எங்கடி வச்சிருப்பாரு? நற்கருணைன்னு சொன்னியே, அந்தத் தங்கப் பொட்டிக்குள்ள...

ஐரின்: சீ! அதுல சாமியாரத் தவிர ஒருத்தரும் கை வைக்க மாட்டாக. இவரு அம்புட்டு மோசம் இல்ல.

கிளெமென்ட்: அதுவரைக்கும் சந்தோஷம். மூணு இருபத்தஞ்சு.

பெருமாயி: ஐரினு... அழுகுறியா?

ஐரின்: இல்ல.

பெருமாயி: கண்ணு செவந்து போச்சேடி.

ஐரின்: தூசி. ...எங்கயும் இல்ல பெருமாயி. எந்த எடத்துலயும் ஒரு கை பட்ட அடையாளம் இல்ல. நான் ஆறு வயசுலருந்து கூட்டுற கோயில். எனக்குத் தெரியாம இங்க ஒரு பல்லி கூட எடம் மாறாது. தப்பாப் பாக்குறனா? எனக்குக் கண்ணு கெட்டுப் போச்சா?

கிளெமென்ட்: இப்பவாவது ஒத்துக்க. காலையில உங்கப்பா சொன்னார், எடுத்தே. இப்ப சொல்ல ஆளில்ல, முடியல. இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா, பெத்த பாசம். நான் ஃபாதர்ட்ட பேசி அவரு வேலைய...

பெருமாயி: சார், உங்களுக்கு ரொம்ப வேர்க்குது. முகத்தத் தொடைச்சுக்கிட்டுப் பேசுங்க.

கிளெமென்ட்: ஃபேன் ஓடலைல்ல... கரண்ட் இல்ல.

ஐரின்: சார்.

கிளெமென்ட்: என்ன?

ஐரின்: வேட்டி முனையில ஏன் தொடைக்கிறீங்க?

கிளெமென்ட்: என் வேட்டி, நான் தொடைக்கிறேன்.

ஐரின்: நீங்க ஜவுளிக்கடை முதலாளி. கர்ச்சீப்பு இல்லாம வெளிய வந்து நான் பாத்ததே இல்ல. இப்பக்கூட கை சட்டைப்பை வரைக்கும் போச்சு, திரும்பிருச்சு.

கிளெமென்ட்: நேரம் ஆகுது. தேடுறதா இருந்தா தேடு.

ஐரின்: தேடிக்கிட்டுத்தேன் இருக்கேன். ஒளிச்சு வைக்க உள்ள போனீங்களே, எம்புட்டு நேரம் இருந்தீங்க?

கிளெமென்ட்: கால் மணி நேரம்.

ஐரின்: எந்திரிச்சு நில்லுங்க.

கிளெமென்ட்: ஏய்! யார்ட்ட பேசுறேன்னு தெரியுதா?

ஐரின்: தெரியுது. என் சேலையப் பாருங்க சார். இருவத்தஞ்சு நிமிஷந்தேன் ஆகுது. தோள்ல சுண்ணாம்பு, முந்தியில ஒட்டடை, கையில மெழுகு, முட்டியில புறா எச்சம். இந்தக் கோயில்ல எதத் தொட்டாலும் ஒட்டும். நீங்க கால் மணி நேரம் உள்ள சுத்தி வந்திருக்கீங்க. திருவிழாவுக்கு எடுத்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டு இல்ல.

பெருமாயி: ஆத்தாடி... ஆமா!

ஐரின்: நீங்க எங்கயும் ஒளிக்கல. சாவி உங்க சட்டைப்பையில, கர்ச்சீப்போட இருக்கு.

கிளெமென்ட்: என்ன பேச்சு பேசுறே நீ? என் சட்டைப்பையில கை விடுவியா?

ஐரின்: நான் தொட மாட்டேன். நீங்களே எடுத்து மாதா முன்னாடி வைங்க. இல்லைன்னா அங்க பாத்து, என் பையில இல்லைன்னு சொல்லுங்க. நான் இப்பவே போயி எங்கப்பா சாவிக்கொத்த வாங்கி உங்க கையில குடுத்துர்றேன்.

கிளெமென்ட்: கோயிலுக்குள்ள இருக்குன்னு சொன்னேன். நானும் கோயிலுக்குள்ளதானே இருந்தேன்.

பெருமாயி: இது என்ன சார் நியாயம்? அப்ப என்னையும் சேத்து ஒளிச்சு வச்சிருக்கீகளா?

கிளெமென்ட்: இந்தா... இந்தா வச்சிட்டேன். போதுமா?

ஐரின்: ஏன் சார்?

கிளெமென்ட்: ஒளிக்கத்தான் வந்தேன். சத்தியமா ஒளிக்கத்தான் வந்தேன். படத்துக்குப் பின்னாடி வைக்கலாம்னு போனேன், அந்த ஆணிய அடிச்சது சூசைமுத்து. மாடிக்கு ஏறலாம்னு போனேன், எந்தப் படி ஒடஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியல. வெளக்கு எண்ணெய் எந்த அலமாரியில இருக்குன்னு கூடத் தெரியல. அம்பத்தி ரெண்டு வயசுல, இந்த முன் பெஞ்சு தவிர இந்தக் கோயில்ல எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு... எங்க வச்சாலும் நீ அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவே. அப்பிடியே பெஞ்சுல உக்காந்துட்டேன்.

ஐரின்: உக்காந்துட்டு, எங்கப்பா வேலையப் பறிக்கப் பாத்தீங்க.

கிளெமென்ட்: என் மக திருச்சியிலருந்து வந்திருக்கும்மா. எங்கம்மா சூட்டினாங்க, என் வீட்டுக்காரி சூட்டினா, இந்த வருஷம் அவ மொறை. வெளிய பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கிறா.

ஐரின்: பாத்தேன். செவப்புப் பட்டு. அழகாத்தேன் இருந்துச்சு. அதுக்காக நான் திருடன் மகளுங்கிற பேர வாங்கிக்கிட்டு மில்லு பஸ்ஸுல ஏறணுமா?

கிளெமென்ட்: வேணாம்... சாவிய எடுத்துக்க. நீ எடுத்துட்டேன்னு நானே வெளிய சொல்றேன்.

ஐரின்: எங்கருந்து எடுத்தேன்னு சொல்லுவீங்க?

கிளெமென்ட்: ஏதோ ஒரு எடம். மாடின்னு சொல்றேன்.

ஐரின்: சட்டைப்பைன்னு சொல்லணும். மைக்குல.

கிளெமென்ட்: ஐரின்! ஊருக்குள்ள நான் தலை காட்ட வேணாமா?

ஐரின்: காலையில எங்கப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனாரே, அதுவும் ஊருக்குள்ளதேன். அவரு மட்டும் எந்த ஊர்ல தலை காட்டுவாரு?

பெருமாயி: போதும்டி, விடு.

ஐரின்: போதாது. சூசைமுத்து சாவி இருந்த எடத்த யாருக்கும் சொல்லல, நான் சொன்னது தப்புன்னும் சொல்லணும்.

கிளெமென்ட்: ...சரி. பை விஷயத்தச் சொல்றேன். நான் செஞ்சது, நான் சொல்றேன். ஆனா காலையில நடந்தது எனக்குத் தெரியாதே. தெரியாதத எப்பிடி மைக்குல சொல்ல?

ஐரின்: அப்புறம் இன்னொண்ணு. சாயங்காலம் கூண்டுப் படியில இவளும் ஏறுவா. முடியில ஒரு பக்கம் நான் புடிச்சா, மறுபக்கம் இவ புடிப்பா.

பெருமாயி: அடியே, எனக்கு என்னத்துக்கு?

கிளெமென்ட்: விளையாடாத. இந்தப் பிள்ளை வேற ஊரு, வேற சாமி. கூட வந்து உக்காந்திருந்ததுக்கெல்லாம் முடி சூட்டச் சொன்னா ஃபாதர் கேக்க மாட்டாரா? இவ யாருன்னு ஊரு கேக்காதா?

ஐரின்: கேக்கட்டும். ஃபாதருக்கும் நானே சொல்லிக்கிறேன். மொதல்ல நீங்க கேட்டுக்கங்க. காலையில சாவிய எடுத்தது நானில்ல.

கிளெமென்ட்: என்னது?

ஐரின்: இவதேன் எடுத்தா. எடுத்து, இது என்னதுடின்னு என் கையில குடுத்தா. பங்கு மக்கள்தேன் எடுக்கணும்னு நோட்டீஸ்ல இருக்கு, நீ வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டு, நான் எடுத்தேன்னு வந்து நின்னேன். பொய்தேன். அத அந்தப் பாவசங்கீர்த்தனப் பெட்டியில முட்டி போட்டுச் சொல்லிக்கிறேன்.

கிளெமென்ட்: அடிப்பாவி... அதக் காலையிலயே சொல்லியிருந்தா உங்கப்பா மேல பழியே வந்திருக்காதே!

ஐரின்: வந்திருக்காது. சாவி செல்லாதுன்னு வாங்கி உங்க மக கையில குடுத்திருப்பீங்க. எனக்கு ரெண்டும் வேணும் சார். எங்கப்பா பேரும் வேணும், முடியும் வேணும். ஒண்ண விட்டாத்தேன் ஒண்ணுன்னு சொல்ல நீங்க யாரு? இப்ப நானா எடுத்திருக்கேன், உங்க பையிலருந்து. இது செல்லும்ல?

கிளெமென்ட்: ...செல்லும். செல்லாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? ஆனா இது எனக்குப் புரியலையே. ஏம்மா பெருமாயி, வாசப்படியே இன்னைக்குத்தான் தெரியும்னே. அறுபது பேரு கண்ணுல படாதது உனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?

பெருமாயி: எனக்கு எங்க சார் தெரியும்? நீங்க அம்புட்டுப் பேரும் பெஞ்சக் கவுத்துக்கிட்டும் பூச்சாடிய உருட்டிக்கிட்டும் தேடிக்கிட்டு இருந்தீக. எனக்குத்தேன் தேடுற பாத்தியதை இல்லையே, சும்மா நின்னேன். நிக்கிற நேரத்துக்கு, அடுத்த மாசம் என்னைய நைட் ஷிப்ட்டுல போடக் கூடாது தாயின்னு உங்க மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவோம்னு போனேன். குழியில வத்தி நிக்க மாட்டேன்னுச்சு, கொண்டை ஊசிய விட்டு நோண்டினேன்... அம்புட்டுத்தேன் சார்.